நாலைந்து நிறுவனங்களின் கையில் நம் பொதுவெளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூகுள், வாட்ஸாப் எல்லாம் நானே விரும்பிப் பயன்படுத்துவது. இதில் ஜனநாயகம் எங்கே வந்தது?

ஓட்டுப் போடுவது ஒரு நாள் வேலை. யாருக்குப் போடுவது என்று முடிவெடுப்பது மற்ற நாட்களில் நடக்கிறது. செய்தி எங்கிருந்து வருகிறது, யாருடைய குரல் யாருக்கு எட்டுகிறது, எந்தக் கட்சி எவ்வளவு பணம் கொடுத்து நம் கண்ணில் பட்டது என்பதெல்லாம் அந்த நாட்களில் அடங்கும். இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட ஸ்மார்ட்போன்கள் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. வாட்ஸாப்புக்கு இங்கே 40 கோடிக்கு மேல் பயனர்கள் என்று சொல்லப்படுகிறது. யுபிஐ பரிவர்த்தனைகளில் முக்கால் பங்குக்கு மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாகப் போகிறது. தண்ணீர் திறக்கும் நேரம், பள்ளி விடுமுறை, வார்டு கூட்டம் எல்லாம் வாட்ஸாப் குழுவில்தான் வருகிறது. "விரும்பிப் பயன்படுத்துகிறேன்" என்று சொல்வதற்கு, விரும்பாவிட்டால் விட்டுவிட முடிய வேண்டும்.

இந்த நிறுவனங்களில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்பது இங்கே வாதம் அல்ல. தாசில்தார் ஒரு முடிவெடுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பைக் கேட்கலாம், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு மேலே இருக்கும் அரசையே மாற்றலாம். ஒரு பதிவை யாருக்கு எவ்வளவு காட்டுவது என்று ஒரு தளம் எடுக்கும் முடிவுக்கு இவை எதுவும் கிடையாது. குடிமக்களைப் பாதிக்கும் முடிவு, குடிமக்கள் காரணம் கேட்க முடியாத இடத்தில் எடுக்கப்படுகிறது. பிரச்சினையின் மையம் அதுதான்.

இவ்வளவு பெரிதாக எப்படி ஆனார்கள்? நல்ல பொருள் கொடுத்ததால்தானே?

நல்ல பொருள் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல.

உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வாட்ஸாப்பில் இருப்பதால் நீங்களும் அங்கே இருக்கிறீர்கள். நீங்கள் இருப்பதால் அவர்களும் இருக்கிறார்கள். அதைவிட நல்ல செயலி வந்தாலும் முதலில் போகிறவர் தனியாக நிற்பார். அடுத்தது, வளரும் போட்டியாளரை வாங்கிவிடுவது. பேஸ்புக் 2012-ல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கும், 2014-ல் வாட்ஸாப்பை 1,900 கோடி டாலருக்கும் வாங்கியது. வாட்ஸாப் கணக்கையும் பேஸ்புக் கணக்கையும் இணைக்கும் வாய்ப்புப் பற்றி அப்போது தவறான தகவல் தந்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2017-ல் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. ஆனால் வாங்கியது வாங்கியதுதான்.

மூன்றாவது, போனைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே முன்னிருப்பாக இருப்பதற்குப் பணம் கொடுப்பது. பிரவுசர்களிலும் போன்களிலும் தன் தேடலே முதலில் இருக்க கூகுள் 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். ஆனால் 2025 செப்டம்பரில் தீர்வு சொன்னபோது குரோமை விற்க உத்தரவிடவில்லை. மெட்டா (பேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) மீதான வழக்கில் 2025 நவம்பரில் அரசுத் தரப்பு தோற்றது. இணைந்து பல ஆண்டு ஆன பிறகு பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த இரண்டு தீர்ப்புகளே போதும்.

பெரிதாக இருப்பதே குற்றமா?

இல்லை. நம் 2002 போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஆதிக்க நிலையைத் தடை செய்யவில்லை. அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் தடை செய்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் இந்தப் பிரிவில்தான் 2022 அக்டோபரில் கூகுள் மீது இரண்டு உத்தரவுகள் போட்டது: ஆண்ட்ராய்டில் தன் செயலிகளைத் திணித்ததற்கு ₹1,337.76 கோடி, பிளே ஸ்டோரில் தன் கட்டண முறையையே கட்டாயமாக்கியதற்கு ₹936.44 கோடி. முதலாவதில் 2023-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, பத்து உத்தரவுகளில் நான்கை ரத்து செய்தது. இரண்டாவதில் அபராதம் 2025-ல் ₹216.69 கோடியாகக் குறைந்தது.

இதைவிடப் பாடம் உள்ளது வாட்ஸாப் வழக்கு. 2016-ல் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது, பேஸ்புக்குடன் தகவல் பகிர்வதை மறுக்க 30 நாள் அவகாசம் தந்தார்கள். 2021 ஜனவரியில் வந்த மாற்றத்தில் அந்த வழியே இல்லை: ஏற்றுக்கொள், இல்லையென்றால் கணக்கு போகும். எதிர்ப்பு வந்ததும் கெடுவை பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குத் தள்ளினார்கள். அதே சமயத்தில் ஐரோப்பியப் பயனர்களுக்கு அங்குள்ள தரவுச் சட்டத்தின் காரணமாகத் தனிக் கொள்கை இருந்தது. போட்டி ஆணையம் 2024 நவம்பரில் ₹213.14 கோடி அபராதம் விதித்து, விளம்பரத்துக்காகத் தரவு பகிர்வதை ஐந்து ஆண்டு தடுத்தது. தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதி செய்து, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. கொள்கை மாறியது 2021-ல், இந்தத் தீர்ப்பு வந்தது 2025-ல். இடையில் நாடு ஒரு மக்களவைத் தேர்தலையும் பல சட்டமன்றத் தேர்தல்களையும் கடந்துவிட்டது.

அரசு இருக்கிறதே, அது இவர்களை அடக்கி வைக்காதா?

சில நேரம் அடக்கும். சில நேரம் அவர்கள் வழியாக நம்மை அடக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நூறு செய்தித்தாள்களை மிரட்ட நூறு பேரிடம் போக வேண்டும். பேச்சு முழுவதும் நான்கு தளங்களில் குவிந்திருந்தால் நான்கு அலுவலகத்துக்குக் கடிதம் போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் மத்திய அரசு ஒரு பதிவையோ கணக்கையோ முடக்கச் சொல்லலாம். அதற்கான 2009 விதிகளில் 16-ஆம் விதி, கோரிக்கையையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதனால் பதிவு மறைந்ததற்குத் தளம் காரணமா, அரசு காரணமா என்பது எழுதியவருக்கே பல நேரம் தெரியாது. இதற்குப் பக்கத்தில் 79(3)(b) பிரிவு இருக்கிறது. அதன்படி அரசு அமைப்புகள் அறிவிப்பு அனுப்பியும் தளம் நீக்காவிட்டால், பயனர் எழுதியதற்குத் தளமே பொறுப்பாக வேண்டிவரும். இந்த அறிவிப்புகளை அனுப்பும் 'சஹ்யோக்' இணையவாயிலை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

இந்த நாட்டில் தொழில் நடத்த வேண்டிய நிறுவனம், ஒரு பயனரின் பதிவுக்காக அரசோடு மோதி என்ன லாபம் காணப்போகிறது? எனவே நிறுவனத்தின் பலமும் அரசின் பலமும் எப்போதும் எதிரெதிராக நிற்கும் என்று நம்ப வேண்டாம். ஒன்றுக்கொன்று வசதியாகப் போவதும் உண்டு.

ஒரு நிறுவனம் ஒரு நாட்டையே நெருக்க முடியுமா?

நெருக்கியிருக்கிறது. செய்திக்காக ஊடகங்களுக்குத் தளங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் விவாதித்துக்கொண்டிருந்த 2021 பிப்ரவரியில், பேஸ்புக் அந்த நாட்டில் செய்திப் பக்கங்களை மொத்தமாக மறைத்தது. மறைந்தவற்றில் சுகாதாரத் துறை, தீயணைப்பு, வானிலை அலுவலகப் பக்கங்களும் சேர்ந்துகொண்டன. பெருந்தொற்றுக் காலம் அது. ஒரு வாரம் போல நீடித்து, சட்டத்தில் திருத்தம் பேசி முடித்த பிறகுதான் செய்தி திரும்பியது. கனடாவில் இதே போன்ற சட்டம் வந்ததும் 2023 ஆகஸ்டில் மெட்டா செய்தி இணைப்புகளைத் தடுத்தது. அதே மாதம் காட்டுத்தீயால் யெல்லோநைஃப் நகரமே காலி செய்யப்பட்டபோது, உள்ளூர்ச் செய்திகளை மக்களால் பேஸ்புக்கில் பகிர முடியவில்லை.

இந்தியாவுக்கு நேரடியாகப் பட்டது 2025 ஜூலையில். குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது, அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் பொருளாதாரத் தடை விதித்தது. இந்தியச் சட்டப்படி நயாரா எந்தத் தவறும் செய்யவில்லை. மைக்ரோசாப்ட் அதன் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு சேவை திரும்பியது. வேறொரு கண்டத்தில் எடுத்த முடிவால் இங்கே ஓர் எண்ணெய் நிறுவனத்தின் அஞ்சல் பெட்டி மூடிக்கொண்டது. அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் ஒப்பந்தத்தில் சேவை நிறுத்தம் பற்றிய பிரிவை இன்றே எடுத்துப் படிக்க வேண்டும். குறைந்தபட்ச முன்னறிவிப்பு நாட்கள், தரவைத் திரும்பப் பெறும் வடிவம், வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடக்கும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஏதாவது பாதிப்பு உண்டா?

உண்டு. விளம்பர வருமானம் குறைந்த மொழிக்கு மேற்பார்வையும் குறைவு. 2021-ல் வெளியான பேஸ்புக் உள் ஆவணங்களின்படி, பொய்த் தகவலை வகைப்படுத்தச் செலவிட்ட நேரத்தில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிக்கும் கருவி ஹிந்திக்கே 2018-ல்தான் வந்தது, வங்காளத்துக்கு 2020-ல்.

இதன் விலையை இலங்கை கொடுத்தது. 2018-ல் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகப் பொய் பரவியது. மார்ச்சில் கண்டி, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளை அங்குள்ள குடிமக்கள் அமைப்புகள் எடுத்துக்காட்டியும் பேஸ்புக் உரிய நேரத்தில் நீக்கவில்லை. கடைசியில் அரசு தளத்தையே முடக்கியது. வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020-ல். தளம் தன் வேலையைச் செய்யாத இடத்தில் அரசு முடக்கத்தைக் கையில் எடுக்கிறது. இரண்டிலும் அடி வாங்குவது அதே மக்கள்தான்.

நடைமுறையில் ஒன்று: தமிழ்ப் பதிவைப் புகார் செய்யும்போது "பொய்" என்று மட்டும் தட்டிவிட்டுப் போனால் பயன் குறைவு. குறைதீர் அதிகாரிக்கு எழுதும்போது, எந்தச் சொல் யாரை இழிவுபடுத்துகிறது, ஊரில் அதற்கு என்ன பொருள் என்று இரண்டு வரி ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வட்டார வசையும் சாதிக் குறிப்பும் கருவிக்குப் புரியாது.

தேர்தல் நேரத்தில் என் தொகுதியில் யார் விளம்பரம் செய்கிறார்கள் என்று பார்க்க முடியுமா?

முடியும். 'மெட்டா ஆட் லைப்ரரி' (விளம்பர நூலகம்) என்று தேடி உள்ளே போங்கள். கணக்கு தேவையில்லை. நாடு என்ற இடத்தில் இந்தியா, வகை என்ற இடத்தில் தேர்தல், அரசியல் விளம்பரங்களைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வேட்பாளர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் நிறுத்தினால் பாதி தவறிவிடும். விளம்பர விவரத்தைத் திறந்தால் செலவு, பார்வை எண்ணிக்கை, பார்த்தவர்களின் வயது, பாலினம், மாநிலம் தெரியும். நூலகத்தின் அறிக்கைப் பக்கத்தில் பக்கவாரியாகச் செலவுப் பட்டியலை இறக்கிக்கொள்ளலாம். அரசியல் விளம்பரங்கள் ஏழு ஆண்டு அதில் இருக்கும். கூகுள், யூடியூப் விளம்பரங்களுக்கு 'ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்' உண்டு.

எங்கே ஏமாறுவோம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தனி விளம்பரத்தின் செலவு சரியான தொகையாக இல்லாமல் 'இவ்வளவு முதல் இவ்வளவு வரை' என்று வரும். நூறு விளம்பரத்தைக் கூட்டினால் வித்தியாசம் பெரிதாகிவிடும். கட்சிப் பெயரே இல்லாத, கேலிச்சித்திரமும் மீமும் போடும் பக்கங்கள் பணம் கட்டி விளம்பரம் செய்யும். 'பணம் செலுத்தியவர்' இடத்திலும் அதே பக்கத்தின் பெயர்தான் இருக்கும். அப்படியொரு பெயர் கண்டால் அதில் தரப்பட்ட முகவரி, இணையதளம், போன் எண் வேறு எந்தப் பக்கங்களிலும் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இணைப்பு அங்கேதான் பிடிபடும். யூடியூபர்களுக்கும் ரீல்ஸ் போடுபவர்களுக்கும் நேரடியாகக் கொடுக்கும் பணம் எந்த நூலகத்திலும் வராது. இந்தியாவில் கூகுளின் அரசியல் வகை கட்சி, வேட்பாளர், பதவியில் உள்ள எம்.பி., எம்.எல்.ஏ. ஆகியோரைக் காட்டும் விளம்பரங்களோடு நின்றுவிடுகிறது. பிரச்சினை சார்ந்த விளம்பரம் அதில் சேராது.

பிறகு வேட்பாளர் கணக்கோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் உச்சவரம்பு மக்களவைக்கு ₹95 லட்சம், சட்டமன்றத்துக்கு ₹40 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்குத் தர வேண்டும். அது மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் இருக்கும், பார்வையிடலாம். கட்சியின் செலவுக்கோ உச்சவரம்பே இல்லை. அதனால்தான் பெரிய பணம் கட்சிப் பக்கத்திலும் பெயரில்லாப் பக்கத்திலும் ஓடுகிறது. நூலகத்தில் கண்டதை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விளம்பர எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் பதிவையோ கணக்கையோ நீக்கிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் செயலிக்குள்ளேயே மேல்முறையீடு செய்து, வரும் குறிப்பு எண்ணைப் படமெடுங்கள். அடுத்து அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர் பெயரும் முகவரியும் தளத்தில் இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்ல வேண்டும். முடிவு சொல்ல விதிகள் வந்தபோது 15 நாள் கெடு இருந்தது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்புக் கெடுவைத் தளத்தில் பாருங்கள். பதில் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம்.

மனு திரும்பி வந்தால் காரணம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: அதிகாரிக்கு எழுதாமல் நேராகக் குழுவுக்குப் போவது, அல்லது எழுதியதற்கு ஆதாரம் இல்லாதது. பதிவின் முழு இணைப்பு, தேதி, மீறியதாகச் சொல்லப்பட்ட விதி, உங்கள் மறுப்பு, அதிகாரியின் பதில் ஆகிய ஐந்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அந்தக் குழுவின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. அரசை விமர்சித்த பதிவு நீங்கியிருந்தால் இது பலவீனமான வழி; வழக்கறிஞரோடு பேசி உயர் நீதிமன்றம் பற்றி யோசியுங்கள்.

எங்கள் சங்கமும் உள்ளூர்ப் பத்திரிகையும் முழுக்க வாட்ஸாப்பில்தான் ஓடுகிறது. என்ன மாற்ற வேண்டும்?

வாட்ஸாப்பை விட்டு ஓட வேண்டாம். அது ஒன்றையே நம்பி இருக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் ஒன்றாகச் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. மூன்று செயலி வைத்திருந்தவர்களுக்கும் மாற்று இல்லை, ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே முதலாளி.

உறுப்பினர் பெயர், எண், மின்னஞ்சல் பட்டியலைக் குழுவுக்கு வெளியே ஒரு தாளிலோ கணக்குத்தாளிலோ வைத்து மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள். சேர்த்து வைக்க ஒவ்வொருவரின் சம்மதமும் வாங்குங்கள். சொந்தப் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்குங்கள். வாங்கும்போது சங்கத்தின் மின்னஞ்சலில் பதியுங்கள். இளைஞர் ஒருவரின் சொந்தக் கணக்கில் பதிந்து, அவர் வேலைக்கு வெளியூர் போனதும் புதுப்பிக்க ஆளில்லாமல் முகவரி பறிபோவது அடிக்கடி நடக்கிறது. எழுதுவதை முதலில் அங்கே போட்டு, இணைப்பைத் தளங்களில் பகிருங்கள். குழுவுக்கு இரண்டு நிர்வாகிகளாவது, வேறுவேறு வீடுகளில் இருக்கட்டும்.

சட்டம் எப்படி இருக்க வேண்டும்?

தவறு நடந்து நான்கு ஆண்டு கழித்து அபராதம் என்பது போதாது. பெரிய தளங்கள் செய்யக் கூடாதவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் இதைச் செய்கிறது. 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம் அதன்கீழ் வந்தவை. இந்தியாவில் 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது. ₹4,000 கோடி உள்நாட்டு விற்றுமுதல், ஒரு கோடிப் பயனர் போன்ற அளவுகோல்களும், உலக விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அபராதமும் அதில் இருந்தன. அந்த வரைவு இன்னும் சட்டமாகவில்லை. யுபிஐ-யில் எந்தச் செயலிக்கும் 30 விழுக்காட்டுக்கு மேல் பங்கு கூடாது என்று 2020-ல் அறிவித்த விதியின் கெடுவும் 2026 டிசம்பர் வரை தள்ளிப் போய்விட்டது.

எங்கள் கணிப்பில் முதலில் வேண்டியது வெளியேறும் உரிமை. 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முடிகிறது. அதற்கு முன் எண் போய்விடுமே என்று பிடிக்காத சேவையைச் சகித்துக்கொண்டிருந்தோம். செய்திச் செயலிகளுக்கும் அதேதான் வேண்டும்: வேறு செயலிக்குப் போன பிறகும் பழைய குழுவோடு பேச முடிய வேண்டும். ஐரோப்பியச் சட்டம் வாட்ஸாப்பிடம் அதைத்தான் கட்டாயப்படுத்துகிறது.

வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பதில் நம் நாட்டு நிறுவனம் வந்தால் சரியாகிவிடாதா?

உரிமையாளரின் ஊர் மாறினால் குவிப்பு கலையாது. 2020-ல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் மெட்டா ₹43,574 கோடியும் கூகுள் ₹33,737 கோடியும் முதலீடு செய்தன. உள்நாடு, வெளிநாடு என்று நாம் போடும் கோட்டை அவர்களே தாண்டிவிட்டார்கள்.

சாதாரண மக்கள் சொல்லி எதுவும் மாறியதுண்டா?

மாறியது. பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தந்து, எவை அவை என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டது. இணைய சமத்துவம் கேட்டு 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு 10 லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று ட்ராய், உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுவேறு கட்டணம் வைப்பதைத் தடை செய்தது. திட்டம் இந்தியாவில் நின்றது.

கருத்துக் கேட்பில் பங்கெடுப்பவர்களுக்கு அந்தச் சம்பவத்தில் ஒரு பயனுள்ள விவரம் இருக்கிறது. பேஸ்புக்கும் தன் பயனர்களைக் கொண்டு லட்சக்கணக்கில் ஆதரவுக் கடிதங்கள் அனுப்ப வைத்தது. ட்ராய் கேட்ட குறிப்பான கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று ட்ராயே சுட்டிக்காட்டியது. ஆகவே அடுத்த கலந்தாய்வு அறிக்கை வரும்போது கேள்வி எண்ணைப் போட்டு, அதற்கு நேராக உங்கள் பதிலை எழுதுங்கள். எந்த விதியில் எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று குறிப்பிடுங்கள். உங்கள் கடையிலோ பள்ளியிலோ ஊரிலோ நடந்த ஒன்றைத் தேதியோடு சேருங்கள். கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, பெற்றதற்கான பதில் அஞ்சலைச் சேமித்து வையுங்கள்.